முழுநேரக் களப்பணிக்குப் போகலாமா? வேலையை விடும் முன் கேட்கிறேன்

நீரோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று கேட்க ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

வயது 27. சுற்றுச்சூழல் அறிவியல் படித்துவிட்டு நான்கு வருடமாக ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரி சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். விடுமுறை நாட்களில், ஆலைகளை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் இயங்கும் சிறிய அமைப்போடு சேர்ந்து வேலை செய்கிறேன். அங்கே இரவு இரண்டு மணிக்கு மேல் ஒரு வாடை கிளம்பும். கண் எரியும். குழந்தைகள் இருமிக்கொண்டே விடியும். புகார் கொடுத்தால் பகலில் வந்து பார்க்கிறார்கள். பகலில் வாடை இருப்பதில்லை.

அந்த அமைப்பினர் என்னை முழுநேரமாக வரச் சொல்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு நிதி கிடைத்திருக்கிறது, அதற்குப் பிறகு தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார்கள். சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிதான்.

பணத்தை நினைத்து மட்டும் தயங்கவில்லை. முழுநேர ஊழியர் என்றால் காலையில் எழுந்து என்ன செய்வது என்பதே எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இப்போது கூப்பிட்ட வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். நேற்று அம்மாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "அந்த வாடை நின்னுட்டா உன் வேலையும் நின்னுடுமா?" என்று கேட்டார். பதில் வரவில்லை எனக்கு.

இந்த வழியில் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

வேப்பநிழல் எழுதியது:

வா தங்கை. இருபத்தெட்டு வருடமாக இதில் இருக்கிறேன். அம்மா கேட்டது பெரிய கேள்வி, அதற்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். காலையில் எழுந்து என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீடு வீடாகப் போக வேண்டும். பிறகு, போன வீடுகளுக்கே திரும்பப் போக வேண்டும். ஊர்வலம், மனு, செய்தியாளர் சந்திப்பு எல்லாம் வருடத்தில் சில நாட்கள். மற்ற நாளெல்லாம் யாராவது ஒருவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாம் ஒன்றும் செய்யாதது போல இருக்கும்.

அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் லவ் கெனால் என்று ஒரு பகுதி. ஹூக்கர் கெமிக்கல் என்ற நிறுவனம் 1942 முதல் 1953 வரை அங்கிருந்த பழைய கால்வாய்ப் பள்ளத்தில் ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி மூடியது. மூடிய நிலத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய், அந்தப் பள்ளியில் படித்த தன் மகனுக்கு வலிப்பு வந்த பிறகு, வேறு பள்ளிக்கு மாற்றித் தரும்படி கேட்டார். மறுத்துவிட்டார்கள். மனு ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பினார். முதல் கதவைத் தட்டினார், யாரும் திறக்கவில்லை. பயந்துபோய் வீட்டுக்கே திரும்பிவிட்டார். அப்புறம் மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி போனார்.

போன வீட்டிலெல்லாம் ஏதோ ஒரு நோய்க் கதை கேட்டார். கேட்டதை வரைபடத்தில் குறிக்கக் குறிக்க, மண் நிரப்பி மூடப்பட்ட பழைய நீரோடைகளின் தடத்தில் இருந்த வீடுகளில் நோய் கூடுதலாக இருப்பது தெரிந்தது. பெவர்லி பெய்ஜன் என்ற விஞ்ஞானி அந்தக் கணக்கோடு துணை நின்றார். இல்லத்தரசிகள் சேர்த்த தகவல் என்று அதிகாரிகள் ஒதுக்கினார்கள். ஆனாலும் 1978இலும் 1980இலும் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை இடம் மாற்ற வேண்டி வந்தது. நச்சுக் கழிவிடங்களைச் சுத்தம் செய்ய 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் 1980 டிசம்பரில் வந்தது.

புதிதாக வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன். பேசத் தெரியாது, கதவு தட்டக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு அந்த முதல் கதவு நினைவில் இருக்கட்டும்.

நடைமுறையில் சில. படிவத்தோடு போகாதே. முதல் நாள் குறிப்பேட்டையும் வெளியே எடுக்காதே, தெருமுனை தாண்டிய பிறகு எழுதிக்கொள். வாடையைப் பற்றி நீ முதலில் பேச்செடுக்காதே, அவர்களை எது தூங்கவிடவில்லை என்று கேள். கிளம்பும்போது அவர்கள் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கேட்டுவிட்டு வா: பக்கத்து வீட்டுக்குக் கூட வருவீர்களா, இரவில் வாடை வந்த நேரத்தை ஒரு தாளில் குறித்து வைப்பீர்களா, இப்படி. 'சரி' என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே செய்கிற ஆள் நூறு வீட்டுக்கு நான்கு ஐந்து பேர்தான் கிடைப்பார்கள். அவர்களைத் தேடித்தான் இத்தனை நடையும்.

மூன்றாம்வாசல் எழுதியது:

அக்கா சொன்னதோடு பணத்தைப் பற்றிச் சேர்க்கிறேன். இதை நாகரிகம் கருதி யாரும் பேசுவதில்லை, பிறகு இதனால்தான் அமைப்புகள் உடைகின்றன.

நான் இருந்த அமைப்பில் மூன்று வருடம் குடிநீர்ப் பிரச்சினையில் வேலை செய்தோம். நிதி தந்தவர்கள் நான்காம் வருடம் கவனத்தை வேறு தலைப்புக்கு மாற்றினார்கள். எங்களையும் மாறச் சொன்னார்கள். மாறினால் சம்பளம், இல்லாவிட்டால் இல்லை. மாறினோம். அந்த மூன்று வருடமும் எங்களோடு நின்ற பெண்களை அதன் பிறகு தெருவில் பார்த்தால் என் தலை குனிந்துவிடும். அவர்கள் கேட்டது எதுவும் தப்பில்லை: "தண்ணி இன்னும் வரலையே, நீங்க ஏன் வரதில்ல?"

நீரோட்டம், உங்கள் அமைப்பு நேர்மையாக இரண்டு வருடம் என்று சொன்னது நல்ல அடையாளம். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் மக்களிடமிருந்தே கொஞ்சமாவது பணம் வர வழி செய்யப் போகிறீர்களா என்று கேளுங்கள். சீசர் சாவேஸ் 1962இல் கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, கூலி போதாத அந்தக் குடும்பங்களிடமே மாதச் சந்தா வாங்கினார். பலருக்கு அது கொடுமையாகக்கூடத் தெரிந்தது. தன் பணத்தைப் போட்டவர்தான் சங்கத்தைத் தன்னுடையதென்று நினைப்பார், கணக்கு கேட்பார் என்பது அவர் எண்ணம். சந்தா வளரும்வரை குடும்பத்தைத் தாங்கியவர் அவருடைய மனைவி ஹெலன். வயலில் வேலை செய்துதான் தாங்கினார். எந்த இயக்கத்தின் கதையைக் கேட்டாலும் அந்த வீட்டில் அப்போது அடுப்பு யாரால் எரிந்தது என்று விசாரிப்பேன். உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஆறு மாதச் செலவுக்குக் கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள்.

இன்னொன்று. சாவேஸைச் சங்க வேலைக்குள் இழுத்தவர் ஃப்ரெட் ராஸ் என்ற அமைப்பாளர். 1952இல் சான் ஹோசேயில் அவர் தேடி வந்தபோது, நம்மை ஆராய வந்த இன்னொரு வெள்ளைக்காரர் என்று நினைத்துச் சாவேஸ் முதலில் சந்திக்காமல் தவிர்த்தார். ராஸ் விடாமல் வந்தார். வீட்டுக்கூட்டம் என்பது ராஸின் முறை: ஒருவர் தன் வீட்டுக்குப் பத்துப் பேரை அழைப்பார், அந்தப் பத்தில் இன்னொருவர் அடுத்த வாரம் தன் வீட்டுக்கு அழைப்பார். மண்டபமும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். உங்கள் குடியிருப்புக்கு இது சரியாக வரும்.

தூசிக்கண் எழுதியது:

நான் அந்தக் குடியிருப்பு மாதிரியான இடத்தில் பிறந்து வளர்ந்து இன்னும் அங்கேயே இருப்பவன். கோபமாக எழுதுகிறேன் என்று நினைத்தால் மன்னிக்கவும், ஆனால் இதை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு விவரம் தெரிந்து எங்கள் தெருவுக்கு ஐந்து முழுநேர ஊழியர்கள் வந்து போய்விட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. என் அம்மா தன் மூச்சிரைப்பைப் பற்றி ஏழு முறை ஏழு படிவத்துக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு அறிக்கைகூட எங்கள் கைக்கு வந்ததில்லை. வந்தவர்களுக்கு எங்களால் அனுபவச் சான்றிதழ் கிடைத்தது, அடுத்த வேலை கிடைத்தது. எங்களுக்கு மறுபடியும் புதியவர் வந்தார், மறுபடியும் முதலிலிருந்து சொன்னோம்.

வேப்பநிழல் அக்கா சொன்ன லவ் கெனாலிலேயே இன்னொரு பாதி இருக்கிறது. சொந்த வீட்டுக்காரர்கள் ஒரு சங்கமாகத் திரண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அதே இடத்தில் க்ரிஃபன் மேனர் என்ற அரசு வாடகைக் குடியிருப்பில் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள் இருந்தன. வீட்டு விலையை ஈடுகட்டுவதைச் சுற்றியே பேச்சு நடந்ததால் வாடகைக்காரர்கள் கணக்கில் வராமல் போனார்கள். அவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துத்தான் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குள்ளேயே மேல் கீழ் இருக்கிறது. அங்கே நிறம், இங்கே சாதி. அதைப் பார்க்காமல் 'மக்கள்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டுச் சூழல் வேலை செய்தால், கடைசித் தெருவுக்கு எதுவும் வந்து சேராது.

1996 டிசம்பரில் நியூ மெக்சிகோவில் ஹேமெஸ் என்ற இடத்தில் கூடிய அமைப்பாளர்கள் ஆறு கொள்கைகள் எழுதினார்கள். அதில் ஒன்று, பாதிக்கப்பட்ட மக்கள் தங்களுக்காகத் தாங்களே பேச வேண்டும் என்பது. எனக்கு மனப்பாடம்.

அதனால் நீரோட்டம், நான் கேட்பது ஒன்றுதான். இந்த முழுநேர வேலைக்கு அந்தக் குடியிருப்பிலேயே ஆள் இல்லையா? யாரையாவது கேட்டார்களா?

நீரோட்டம் எழுதியது:

தூசிக்கண், நேற்று படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. இன்று காலை அமைப்பின் பொறுப்பாளரிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

ஆள் இருக்கிறார். கூட்டங்களுக்கு ஆள் திரட்டுவது, இரவு வாடை நேரம் குறிப்பது எல்லாம் இரண்டு வருடமாக அவர்தான். எனக்கு அந்தத் தெருக்களைச் சுற்றிக் காட்டியவரே அவர்தான். ஏன் அவரைக் கேட்கவில்லை என்றதற்கு, நிதி தருபவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுத வேண்டும், அவர் எட்டாவதுவரைதான் படித்திருக்கிறார், அதுவும் இல்லாமல் அவர் கணவர் அந்த ஆலையிலேயே ஒப்பந்தத் தொழிலாளி என்றார்கள். அந்தக் காரணம் சரியா தப்பா என்று இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் என் படிப்புக்கு இந்த வேலையில் இடமே இல்லையா? இதைத் தற்காப்புக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அளவுகோல் எழுதியது:

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. நான் வேதியியல் ஆசிரியர், பதினைந்து வருடமாகக் களக் குழுக்களுக்கு மாதிரி எடுக்கக் கற்றுத் தருகிறேன்.

ராபர்ட் புல்லார்ட் சமூகவியல் பேராசிரியர். 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிக்கு வரவிருந்த குப்பைக்கிடங்கை எதிர்த்து வழக்கு நடந்தது. வழக்கறிஞர் அவருடைய மனைவி லிண்டா. எந்தெந்தக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தா என்று கேட்டார். புல்லார்ட் மாணவர்களோடு ஊர் முழுக்க அலைந்து தேடினார். நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைக்கிடங்குகளும் கறுப்பினப் பகுதிகளிலேயே இருந்தன. வழக்கு தோற்றது. ஆனால் எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. சூழல் நீதி என்று இன்று ஒரு துறையே இருக்கிறது.

வாடைக்கு நேரடியாக உதவக்கூடியது வாளி முறை. 1990களின் நடுவில் கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்காக உருவானது. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு சிறப்புப் பை இருக்கும். வாடை வரும் அந்த நிமிடத்தில் குடியிருப்பவரே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். கடலூர் சிப்காட் பகுதி மக்கள் 2004இல் இந்த வாளியால் காற்றைப் பிடித்து ஆவணப்படுத்தினார்கள். எந்த நாளில் எந்தப் பக்கத்திலிருந்து எந்த மாதிரி வாடை வந்தது என்று எழுதி வைக்கவும் பழகினார்கள். அதிகாரி பகல் பதினொரு மணிக்கு வருவார், வாடை இரவு இரண்டு மணிக்கு வரும் என்ற உங்கள் சிக்கல் அங்கும் இருந்ததுதான். இரவு இரண்டு மணிக்கு அங்கே விழித்திருப்பவர் கையில் வாளி இருந்தால் போதும்.

உங்கள் வேலை இங்கேதான் வருகிறது. பையை எப்படிக் கழுவுவது, எத்தனை மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் யார் கையெழுத்து போடுவது, வந்த எண்ணுக்கு என்ன பொருள். குறிப்பாக, அந்த எண் எதைச் சொல்லவில்லை என்பது. இதை மக்களுக்குச் சொல்லித் தர உங்களைப் போன்றவர்கள் மிகக் குறைவு. சொல்லித் தந்துவிட்டு விலகி நிற்கத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு.

எட்டாவது படித்தவரால் அறிக்கை எழுத முடியாது என்ற காரணத்தை மட்டும் ஏற்காதீர்கள். வங்காரி மாத்தாய் 1977இல் கென்யாவில் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது, மரம் நடுவதற்குப் பட்டயம் படித்த வனத்துறைக்காரர்கள் வேண்டும் என்றுதான் அங்கும் சொன்னார்கள். மாத்தாய் தாமே முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர். கிராமத்துப் பெண்களிடம், காலமெல்லாம் விதை போட்டு முளைக்க வைத்தவர்கள்தானே நீங்கள், அதையே செய்யுங்கள் என்றார். பட்டயம் இல்லாத வனக்காரர்கள் என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். கணக்கு வைத்ததும் அந்தப் பெண்களே. 2004இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு வந்தபோது மூன்று கோடி மரங்களுக்கு மேல் நட்டிருந்தார்கள்.

இரும்புப்பட்டறை எழுதியது:

கணவர் ஆலையில் வேலை பார்க்கிறார் என்பதைத் தடையாக எண்ண வேண்டாம். நான் தொழிற்சங்கக்காரன், ஆலைக்குள்ளிருந்து பேசுகிறேன். வாடையை முதலில் சுவாசிப்பவர் அவர். எந்தக் குழாய், எந்த ஷிஃப்ட், எந்த வால்வு என்று தெரிந்தவரும் அவர்தான். வேலை போய்விடும் என்ற பயம் உண்மையானது, அதைச் சின்னதாகப் பேசாதீர்கள்.

1973இல் அமெரிக்காவில் எண்ணெய், ரசாயன, அணுத் தொழிலாளர் சங்கம் ஷெல் நிறுவனத்தில் வேலைநிறுத்தம் செய்தது. கேட்டது உடல்நலப் பாதுகாப்பு. அப்போது சூழல் அமைப்புகள் அவர்கள் பக்கம் நின்றன. அதை முன்னின்று நடத்திய டோனி மசாக்கிதான் பிறகு, ஒரு தொழிலை மூட வேண்டி வந்தால் அதில் உழைத்தவரின் சம்பளத்துக்கும் படிப்புக்கும் சமூகம் பொறுப்பேற்க வேண்டும் என்று வாதாடினார். 'நீதியான மாற்றம்' என்று இன்று சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரையிலும் அந்தச் சொல் ஏறியது.

நீங்கள் அந்த வீட்டுக்குப் போனால் அவரிடமும் பத்து நிமிடம் பேசுங்கள். ஆலையை மூட வந்தவர்கள் என்று எண்ணியிருந்தால் பேசமாட்டார். முகக்கவசம் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள், பேசுவார்.

கருங்கல் எழுதியது:

வழக்கறிஞராக ஒரு எச்சரிக்கை. யாரையும் பின்வாங்க வைக்க இதை எழுதவில்லை.

2012 முதல் 2023 வரை நிலத்தையும் சூழலையும் காக்க நின்றவர்களில் 2,100 பேருக்கு மேல் உலகெங்கும் கொல்லப்பட்டதாக குளோபல் விட்னஸ் அமைப்பு பதிவு செய்திருக்கிறது. பெரும்பகுதி லத்தீன் அமெரிக்காவில் நடந்தது, பழங்குடி மக்கள் அதில் ஏராளம். ஹோண்டுராஸில் அணையை எதிர்த்த பெர்த்தா காசெரெஸ் 2016 மார்ச்சில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2018இல் கையெழுத்தாகி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த எஸ்காஸு ஒப்பந்தம், சூழல் பாதுகாவலர்களைக் காப்பது அரசின் கடமை என்று எழுதி வைத்திருக்கிறது. இப்படி எழுதிய முதல் சர்வதேச ஒப்பந்தம் அது. லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் மட்டும்தான்.

பெரும்பாலானோருக்கு நேர்வது இவ்வளவு கொடூரமாக இருக்காது. வழக்கு போடுவார்கள். ஜெயிப்பதற்காகப் போடுவதில்லை, உங்களை நீதிமன்றத்துக்கு அலைய வைத்துக் களைப்படையச் செய்வதற்காகப் போடுவார்கள். டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிங், கனான் என்ற இருவர் 1980களில் இதை ஆராய்ந்து 'ஸ்லாப்' வழக்கு என்று பெயரிட்டார்கள்.

எனவே எழுதுவதில் கவனம். "இந்த ஆலை விஷத்தைக் கக்குகிறது" என்று துண்டறிக்கையில் போடாதீர்கள். "இன்ன தேதி, இன்ன மணி, இன்ன இடத்தில் எடுத்த காற்றில் இன்னது இவ்வளவு இருந்தது" என்று போடுங்கள். முதல் வரிக்கு வழக்கு வரும். இரண்டாவது வரிக்கு வந்தாலும் நிற்கலாம். அதிகாரியையோ நிறுவனத்தாரையோ பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். இருவராகப் போய் அன்றே நடந்ததை எழுதிக் கையெழுத்திடுங்கள். அமைப்பு உங்களுக்கு வேலை ஒப்பந்தம் தருகிறதா, வழக்கு வந்தால் செலவு யாருடையது என்பதையும் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சிகோ மெந்தெஸை 1988 டிசம்பர் 22 அன்று பிரேசிலில் சுட்டார்கள். ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி, சங்கத் தலைவர். காட்டை அழிக்க வரும்போது குடும்பத்தோடு போய் முன்னே நின்று மறிப்பது அவர்களின் போராட்ட முறை. அவர் போன பிறகும் சங்கம் இருந்தது. அவர்கள் கேட்டபடியே, ரப்பர் தொழிலாளர்கள் காட்டை விட்டு வெளியேறாமல் அதைக் காத்து வாழும் காப்புக்காடு 1990இல் அவர் பெயரிலேயே அறிவிக்கப்பட்டது.

கடன்சீட்டு எழுதியது:

நான் ஆறு வருடம் முழுநேரமாக இருந்துவிட்டு வெளியேறியவன். அந்தப் பக்கமும் தெரிய வேண்டும்.

ஒரு நாள் நள்ளிரவில் யாரோ அழைத்து, குழந்தைக்கு மூச்சு திணறுகிறது என்றார்கள். எழுந்து உட்கார்ந்தேன், கால் நகரவில்லை. அடுத்த வாரம் விலகல் கடிதம் கொடுத்தேன். இரண்டு வருடம் வெட்கத்தில் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு வந்தது நோய், துரோகம் இல்லை என்று அமைப்பில் யாராவது ஒருவர் அப்போது சொல்லியிருக்கலாம். எங்கள் அமைப்பில் ஓய்வு எடுத்தவரை ஏதோ குறைந்தவர் போலப் பார்க்கும் வழக்கம் இருந்தது. இரவு அழைப்புகளை நான்கு பேர் முறை வைத்து ஏற்றிருந்தால் நான் இன்னும் அங்கே இருந்திருப்பேன்.

இப்போது கணக்கராக வேலை. மூன்று சிறு அமைப்புகளின் வரவு செலவை மாலை நேரத்தில் பார்த்துத் தருகிறேன். அதுவும் இந்த வேலைதான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது. நீரோட்டம், நிதி அறிக்கை எழுதத் தெரியாது என்பதுதான் அந்த அம்மாவுக்குத் தடை என்றால் சொல்லுங்கள். நான் எழுதித் தருகிறேன், கூடவே அவருக்குக் கற்றும் தருகிறேன். காசு வேண்டாம்.

வேப்பநிழல் எழுதியது:

கடன்சீட்டு தம்பி, உன் பதிவைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இருந்த இடங்களிலும் இப்படிச் சிலரை இழந்திருக்கிறோம். போனவர்களை யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை.

தங்கை, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் வாரன் கவுண்டி. 1978இல் சாலை ஓரமாகத் திருட்டுத்தனமாகக் கொட்டிவிட்டுப் போன பிசிபி என்ற நச்சு கலந்த மண்ணைப் புதைக்க, ஏழைக் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த அந்த இடத்தை அரசு தேர்ந்தெடுத்தது. 1982இல் லாரிகள் வந்தபோது மக்கள் சாலையில் படுத்தார்கள். ஆறு வாரம். 500 பேருக்கு மேல் கைது. லாரிகள் நிற்கவில்லை, மண் அங்கேதான் புதைக்கப்பட்டது. அன்று அந்தச் சாலையிலிருந்து வீடு திரும்பியவரிடம் கேட்டிருந்தால் தோற்றுவிட்டோம் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆனால் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1987இல் நச்சுக் கழிவும் இனமும் பற்றி ஒரு கிறிஸ்தவத் திருச்சபை அமைப்பு நாடு தழுவிய ஆய்வை வெளியிட்டது. 1991இல் வாஷிங்டனில் மாநாடு கூடி சூழல் நீதிக்கு 17 கொள்கைகள் எழுதினார்கள். 1994இல் சூழல் நீதிக்காக அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. வாரன் கவுண்டியின் மண்ணைச் சுத்தம் செய்து முடித்தது 2003இல். லாரியின் முன்னால் படுத்த நாளிலிருந்து இருபத்தொரு வருடம். 1994இன் அந்த ஆணை 2025 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டுவிட்டது.

ஆக, வாடை நின்றால் வேலை நிற்குமா? என் அனுபவத்தில் வாடை சட்டென்று நிற்பதில்லை. குறையும், திரும்ப வரும், வேறு தெருவுக்குப் போகும். ஆனால் உன் வேலை நிற்க வேண்டும், அதுவும் வாடை நிற்பதற்கு முன்பே. அந்தத் தெருக்காரர்கள் உன்னைக் கேட்காமல் கூட்டம் போடும் நாளில் அங்கே உன் வேலை முடிந்தது. எலா பேக்கர் அமெரிக்கக் குடிமை உரிமை இயக்கத்தின் இளைஞர்களுக்கு அதைத்தான் சொல்லித் தந்தார், வலுவான மக்களுக்கு வலுவான தலைவர் தேவையில்லை என்று. எனக்கு அப்படி மூன்று இடங்களில் வேலை முடிந்திருக்கிறது. முதல் முறை மனசு ரொம்ப வலித்தது, ஏதோ என்னை மறந்துவிட்டார்கள் என்று. இப்போது நான்காவது இடத்தில் இருக்கிறேன்.

அம்மாவிடம் இப்படியே சொல். அவருக்குப் புரியும், பிள்ளையை வளர்த்தவர்தானே.

நீரோட்டம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அமைப்பில் இரண்டு முறை உட்கார்ந்து பேசினோம். முழுநேரப் பொறுப்பை அந்தக் குடியிருப்புப் பெண்ணுக்கே கொடுப்பது, நான் ஆய்வக வேலையை வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டு மீதி நாட்களில் மாதிரி எடுக்கும் பயிற்சிக்கும் அறிக்கைக்கும் வருவது என்று பேச்சு. நிதி தருபவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, கடிதம் போயிருக்கிறது. ஆய்வகத்தில் சம்பளக் குறைப்போடு சம்மதித்துவிட்டார்கள். கடன்சீட்டு, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அவரிடம் கேட்டபோது உடனே சரி என்று சொல்லவில்லை. வீட்டில் கேட்க வேண்டும் என்றார். நானும் போனேன். இரும்புப்பட்டறை தோழர் சொன்னபடி அவர் கணவரிடம் முகக்கவசத்தைப் பற்றிக் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். இரவு இரண்டு மணிக்கு எதைத் திறக்கிறார்கள் என்றும் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. மனைவி வேலைக்குப் போவதைப் பற்றி மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அந்தப் பெண்ணும் நானும் பதினொரு வீட்டுக்குப் போனோம். பேசியது முழுக்க அவர்தான். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது வீட்டில் இருந்த பாட்டி, வாடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவிளக்கு எரியாததால் இரவில் பேத்தியை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு, பேச்சைக் காற்றின் பக்கம் திருப்ப வேண்டும் என்று வாய் வரை வந்தது. கூட வந்தவர் என் கையை அழுத்தினார். பாட்டியிடம், அடுத்த வாரம் தெருவிளக்குக்கு மனு கொடுக்கப் போகிறோம், உங்கள் வீட்டில் கூடலாமா என்று கேட்டார். சரி என்றார் பாட்டி.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம். பாய் போதாது, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குகிறேன் என்று பாட்டியே சொல்லிவிட்டார்.